கப்பல் வரல, வீட்டுல சோப்பு இல்ல: தீவுல குடியிருக்கறவங்களுக்கு ஒரு நீளமான பதில்

கேட்டவங்க சொன்ன நிலவரம் இது. நாலு பேர் குடும்பம், அதுல ஒரு கைக்குழந்தை, சின்னத் தீவுக்கு குடிபோய் எட்டு மாசம் ஆகுது. ரெண்டு வாரத்துக்கு ஒரு கப்பல், போன கப்பல் வரல, அடுத்தது ஒன்பது நாள் கழிச்சுதான். சோப்பு பவுடர் காலி, நாப்கின் கடைசி பாக்கெட், பாத்ரூம் குழாய் ஒழுகுது, அதுக்குப் போடற வாஷர்கூட கிடைக்கல. எவ்வளவு வாங்கி வைக்கணும், இல்லாததுக்கு பதிலா என்ன செய்யலாம், பதுக்கறவன்னு பேர் வாங்காம எப்படி சமாளிக்கறதுன்னு மூணு கேள்வி. நானும் பதினோரு வருஷம் தீவுல குப்பை கொட்டினவன்தான், முதல் ரெண்டு வருஷம் பண்ணக்கூடாத தப்பு எல்லாத்தையும் பண்ணிட்டேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. தட்டுப்பாடுங்கறது ஏதோ திடீர்னு வர்ற ஆபத்து மாதிரி நினைக்கறதை விட்டுடுங்க. தீவுல அது காலண்டர்லயே இருக்கு. கப்பல் தவறும், எப்போன்னுதான் தெரியாது. நிலத்துல இருக்கும்போது நம்ம கணக்கெல்லாம் மாசக் கணக்கு, சம்பளம் வந்தா சாமான், அவ்வளவுதான். தீவுக்கு வந்தும் அதே பழக்கத்துல "ஒரு மாசத்துக்கு வாங்கிட்டேன்"னு நிம்மதியா இருந்தா மாட்டிக்குவீங்க. இங்க மாசத்துல எண்ணக்கூடாது, கப்பல்ல எண்ணணும். உங்களுக்கு 14 நாளைக்கு ஒரு கப்பல்னா, வர்றதுக்கு ஒண்ணு, தவறுறதுக்கு ரெண்டு, ஆக மூணு கப்பல், 42 நாள். இந்த 42 நாளைக்கு என்ன தேவையோ அது வீட்டுல எப்பவும் இருக்கணும், அதுக்குக் கீழ இறங்கினா அடுத்த கப்பலுக்கு ஆர்டர் போடணும். தீர்ந்ததுக்கப்புறம் ஆர்டர் போடறவங்க தீவுல எப்பவுமே ஒரு கப்பல் பின்னாடிதான் ஓடிட்டு இருப்பாங்க.

ரெண்டு கப்பல் தவறுமான்னு கேட்டா, தவறும். தெற்கு அட்லாண்டிக் கடல்ல இருக்கற செயின்ட் ஹெலினா தீவுக்கு விமான நிலையத்துல ரெகுலர் சர்வீஸ் ஆரம்பிச்சதே 2017 அக்டோபர்லதான், அதுவரைக்கும் ஆர்எம்எஸ் செயின்ட் ஹெலினாங்கற ஒரே கப்பலை நம்பித்தான் பொழப்பு. 1999 நவம்பர்ல அந்தக் கப்பல் நடுவழியில பழுதாகி பிரான்ஸ்ல பிரெஸ்ட் துறைமுகத்துக்குத் திரும்பிப் போச்சு, தீவுக்கு உள்ள வரவும் வழியில்ல வெளிய போகவும் வழியில்ல. அதே கடல்ல இருக்கற ட்ரிஸ்டன் டா குன்யா தீவு இன்னும் மோசம், கேப்டவுன்ல இருந்து சுமார் 2,800 கிலோமீட்டர், கப்பல்ல ஒரு வாரம் போல ஆகும், வந்தாலும் பெரிய கப்பல் கரையில கட்ட முடியாது, வெளியில நங்கூரம் போட்டு சின்னப் படகுல இறக்கணும், அலை ஜாஸ்தியா இருந்தா கண்ணுக்கு முன்னாடி கப்பல் நிக்கும் சாமான் மட்டும் வராது. இதெல்லாம் எங்கயோ உலகத்தோட கோடின்னு நினைக்காதீங்க, ஸ்காட்லாந்து மேற்கு ஓரத்துல இருக்கற சவுத் யூஸ்ட் தீவுல 2023 ஜூன் மாசம் கிட்டத்தட்ட முழுசும் அங்க இருக்கற லாக்பாய்ஸ்டேல் துறைமுகத்துக்கான படகு சர்வீஸ் ரத்து, காரணம் புயல்கூட இல்ல, கப்பல் பத்தல, இருந்ததை வேற ரூட்டுக்கு அனுப்பிட்டாங்க.

சரி, 42 நாளைக்கு எவ்வளவு தேவைன்னு எப்படித் தெரியும்? யாரைக் கேட்டாலும் "ஒரு பாட்டில் ரெண்டு மாசம் வரும்"னு அடிச்சு விடுவாங்க, வராது. ஒரு பெர்மனென்ட் மார்க்கர் வாங்கி அடுக்களை அலமாரியில ஒரு நூல்ல கட்டித் தொங்கவிடுங்க. எந்த பாட்டில், பாக்கெட், டியூப் திறந்தாலும் அது மேல அன்னிக்குத் தேதி எழுதுங்க, காலியானதும் காலியான தேதி எழுதுங்க, ரெண்டு மாசம் இதைப் பண்ணா போதும். என் வீட்டுல பாத்திரம் தேய்க்கிற லிக்விட் அஞ்சு வாரம் வரும்னு நான் சத்தியம் பண்ணிட்டு இருந்தேன், பாட்டில்ல எழுதினதைப் பார்த்தா 16 நாள். அன்னிக்குத்தான் எங்க வீட்டுல யார் கைக்கு பாட்டிலை அமுக்கற வியாதின்னு தெரிஞ்சுது, என் கைக்குத்தான்.

அடுத்தது, எந்த சாமான் முதல்ல காணாமப் போகும்ங்கறதுல ஒரு ஒழுங்கு இருக்கு, அது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. கப்பல் சரக்குல கட்டணம் எடைக்கும் உண்டு இடத்துக்கும் உண்டு, ஒரு டன்னா ஒரு கன மீட்டரான்னு பார்த்து எது பெருசா வருதோ அதுக்குக் காசு வாங்குவாங்க. டாய்லெட் பேப்பர், டயப்பர், நாப்கின், டிஷ்யூ, தெர்மகோல், இதெல்லாம் கனமே இல்லாத சாமான், ஆனா இடத்தை அடைச்சுக்கும். கப்பல்ல இடம் குறைவா இருக்கற வாரம் வியாபாரி எதை விடுவார்? லாபம் கம்மியா இடம் ஜாஸ்தியா இருக்கறதைத்தான். அதனால புயல் சீசன்ல இதெல்லாம்தான் முதல்ல மறையும். விமானத்துல வரவழைக்கலாமேன்னா அதுலயும் இதே கதைதான், கூரியர்ல நீளம் அகலம் உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000 ஆல வகுத்து அதை எடையா எடுத்துப்பாங்க. 40க்கு 40க்கு 50ன்னு ஒரு டாய்லெட் பேப்பர் பெட்டி 16 கிலோவுக்குக் கணக்காகும், நிஜத்துல ஏழு கிலோ தேறினா பெரிசு. ஹவாய்ல 1949ல துறைமுகத் தொழிலாளர் ஸ்ட்ரைக் கிட்டத்தட்ட ஆறு மாசம் நடந்துது, அதுக்கப்புறமும் அங்க ஸ்ட்ரைக் நடந்திருக்கு, துறைமுகம் நிக்கப்போகுதுன்னு பேச்சு வந்தாலே அங்க ஜனங்க ஓடிப்போய் டாய்லெட் பேப்பர் வாங்கறதைப் பார்த்து வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க, சிரிக்க ஒண்ணும் இல்ல, அது கணக்குத் தெரிஞ்ச பயம்.

ரெண்டாவது வகை, விமானத்துல ஏத்தவே மாட்டாங்கற சாமான். கேஸ் லைட்டர், தீப்பெட்டி, ஸ்ப்ரே டப்பா, பிளீச், பெயின்ட், தின்னர், கேஸ் சிலிண்டர். இதெல்லாம் ஆபத்தான சரக்குப் பட்டியல்ல வரும், தபால்லயும் சாதாரணமா எடுக்க மாட்டாங்க. கப்பல் நின்னா இதுக்கு மாற்று வழியே கிடையாது, அதனால தீப்பெட்டியும் லைட்டரும் மட்டும் மூணு கப்பல் இல்ல ஆறு கப்பல் கணக்குக்கு வச்சிருங்க, என்ன பெரிய இடம் அடைக்கப்போகுது. கேஸ் சிலிண்டரும் ரெண்டாவது ஒண்ணு நிரம்பினபடியே இருக்கணும், முதல் சிலிண்டர் தீர்ந்த அன்னிக்கே பதிவு பண்ணிடணும்.

மூணாவது வகைதான் எல்லாரும் கோட்டை விடறது, உதிரிப் பாகம். உங்க குழாய் கதை மாதிரி. சோப்பு இல்லன்னா பக்கத்து வீட்டுல கேட்கலாம், உங்க குழாய்க்குப் பொருந்தற வாஷர் பக்கத்து வீட்டுல இருக்காது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து வீட்டுல ரப்பர் எங்கெங்க இருக்குன்னு பாருங்க. குழாய், ஃப்ளஷ் டேங்க், குக்கர் கேஸ்கெட், வாஷிங் மெஷின் ஹோஸ், கேஸ் டியூப், பம்பு. ஒவ்வொண்ணுக்கும் அளவு, மாடல் நம்பர் ஒரு நோட்டுல எழுதி, ரெண்டு ரெண்டு வாங்கி ஒரு டப்பாவுல போட்டு வைங்க. கூடவே டெஃப்லான் டேப், ஃபியூஸ், ஒரு நல்ல எபாக்ஸி பசை, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ கொஞ்சம். ஸ்க்ரூவுல 316 கிரேடு கேட்டு வாங்குங்க, 304ஐ விட விலை ஜாஸ்திதான், ஆனா அதுல மாலிப்டினம் சேர்த்திருக்கறதால உப்புக் காத்துக்கு நல்லாத் தாங்கும். அப்புறம் அடுத்த தடவை எது மாத்தினாலும் ஒரே மாதிரியா மாத்துங்க. எல்லா பல்பும் ஒரே ஹோல்டர், எல்லா ரிமோட்டும் டார்ச்சும் ஒரே சைஸ் பேட்டரி, எல்லா குழாயும் ஒரே மாடல். அப்படி இருந்தா ஒண்ணு போனா மாடி பாத்ரூம்ல இருந்து கழட்டி கீழ போட்டுக்கலாம்.

வாங்கும்போது என்ன வடிவத்துல வாங்கறோம்ங்கறதும் முக்கியம். தண்ணியை கப்பல்ல ஏத்தாதீங்க. லிக்விட் டிடர்ஜென்ட், தரை துடைக்கிற லிக்விட், ஹேண்ட்வாஷ், வினிகர், எதை எடுத்தாலும் அதுல பெரும்பங்கு தண்ணி, அந்தத் தண்ணிக்கு நீங்க கூலி கட்டறீங்க, இடம் கொடுக்கறீங்க, கசிஞ்சா மூட்டையே நாசம். ஒரு கிலோ சிட்ரிக் ஆசிட் பவுடர் வாங்கினா 5 சதவீதக் கரைசலா 20 லிட்டர் வரும், கெட்டில்ல படியற சுண்ணாம்புக் கறை, குழாய் முனையில வெள்ளையாப் பிடிக்கிறது, இதுக்கெல்லாம் வினிகர் பண்ற வேலையை அது வாசனை இல்லாம பண்ணும், பையில கைப்பிடி இடம்தான். மார்பிள் தரையில மட்டும் கிட்டக் கொண்டு போகாதீங்க, அரிச்சுடும். ஹேண்ட்வாஷுக்கு பதிலா கட்டி சோப்பு. கட்டி சோப்பை வாங்கினதும் அட்டையைப் பிரிச்சு காத்தாட அடுக்கி வைங்க, உள்ள இருக்கற ஈரம் போய் கெட்டியாகும், கெட்டியான சோப்பு கரையறதும் மெதுவா.

சோடா உப்பும் மொத்தமா வாங்கலாம், அது சமையலுக்கும் ஆகும் தேய்க்கவும் ஆகும், ஆனா துணி துவைக்க அதுக்கு வீரியம் பத்தாது. வாஷிங் சோடா கிடைக்கலன்னா சோடா உப்பையே ஓவன்ல 200 டிகிரியில ஒரு மணி நேரம் தட்டுல பரப்பி வச்சா அது வாஷிங் சோடாவா மாறிடும், கரியமில வாயுவும் தண்ணியும் போயிடும். ஆச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்னா எடை போட்டுப் பாருங்க, 100 கிராம் வச்சா 63 கிராம் கிட்ட வந்து நிக்கும். தட்டு அலுமினியமா இருக்க வேண்டாம், வாஷிங் சோடா கரைசல் பட்டா அலுமினியம் கறுத்துப் போகும், கையும் எரியும், கிளவுஸ் போட்டுக்கோங்க.

இப்ப ஒரு எச்சரிக்கை, ஏன்னா தட்டுப்பாடு நேரத்துல எல்லார் வீட்டுலயும் ஒரு விஞ்ஞானி கிளம்புவாங்க. பிளீச்சோட ஆசிட் கலக்கக்கூடாது, அதுல வினிகர், சிட்ரிக் ஆசிட், டாய்லெட் கிளீனர் எல்லாம் சேர்த்திதான், குளோரின் வாயு வரும். அமோனியாவோடயும் கூடாது. மூடின பாத்ரூம்ல இது விளையாட்டு இல்ல. இதுக்கு நேர் எதிர் ரகம் ஒண்ணு இருக்கு, சோடா உப்பையும் வினிகரையும் கலந்து நுரை வர்றதைப் பார்த்து சந்தோஷப்படறது. ஆபத்து இல்ல, ஆனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு காலி பண்ணிடும், மிச்சம் இருக்கறது கொஞ்சம் உப்பு கலந்த தண்ணி. ரெண்டு நல்ல சாமானை ஒரே நேரத்துல வீணாக்கணும்னா அதை விட நல்ல வழி கிடையாது.

சேர்த்து வைக்கறதுல எல்லாரும் அளவைத்தான் யோசிக்கறாங்க, ஈரத்தை யோசிக்கறது இல்ல. காத்துல ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினா சமையல் உப்பு தானா தண்ணி இழுக்க ஆரம்பிக்கும், தீவுல பல நாள் அந்தக் கோட்டுக்கு மேலதான் இருப்போம். உப்பு ஜாடி அழுதா அன்னிக்கு அலமாரியில இருக்கற எல்லாமும் ஈரம் குடிக்குதுன்னு அர்த்தம், எனக்கு அதுதான் மீட்டர். சோப்பு பவுடர் கட்டி தட்டினா தூக்கிப் போடாதீங்க, தட்டி உடைச்சு வெந்நீர்ல கரைச்சுப் போட்டா அழுக்கு போகும், ஆனா அதுல கறை எடுக்கறதுக்குன்னு சேர்த்திருக்கற என்சைமும் ஆக்ஸிஜன் பிளீச்சும் ஈரம் பட்டா வீரியம் போயிடும், அதனால பெரிய மூட்டையா வாங்கினாலும் வந்த அன்னிக்கே காத்துப் புகாத சின்ன டப்பாக்கள்ல பிரிச்சு, ஒரு சமயம் ஒண்ணை மட்டும் திறங்க. மாத்திரை பாட்டில், ஷூ பெட்டி, எலக்ட்ரானிக்ஸ் எதோட சிலிக்கா ஜெல் பொட்டலம் வந்தாலும் சேர்த்து வைங்க, அதை ஓவன்ல மிதமான சூட்டுல வச்சு எடுத்தா திரும்ப உபயோகப்படும். தீப்பெட்டியை மூடி இறுக்கமான பாட்டில்ல போட்டு அதோட உரசற பட்டையையும் கிழிச்சுப் போட்டு வைங்க, குச்சி காஞ்சிருந்து பட்டை ஊறிப்போனா என்ன பிரயோஜனம்.

சேர்த்து வைக்கவே கூடாத சாமானும் உண்டு, அதுல முதல் இடம் பிளீச் லிக்விட். நான் முதல் வருஷம் பயந்துபோய் பன்னிரண்டு பாட்டில் வாங்கி வெளி ஷெட்டுல தகரக் கூரைக்குக் கீழ அடுக்கினேன். ஒரு வருஷம் கழிச்சு, தண்ணித் தொட்டி பாசி பிடிச்சுதுன்னு ஒரு பாட்டிலைத் திறந்தா மூக்குல ஏறுற அந்த நெடியே இல்ல, வெள்ளைத் துணியில இருந்த கறை மேல ஊத்திப் பார்த்தேன், கறை என்னைப் பார்த்து அப்படியே உட்கார்ந்திருந்துது. சோடியம் ஹைப்போகுளோரைட் சும்மா இருந்தாலே சிதையும், சூட்டுல இன்னும் சீக்கிரம், கடைசியில மிஞ்சறது கிட்டத்தட்ட உப்புத்தண்ணி. கடலுக்கு நடுவுல உட்கார்ந்துக்கிட்டு உப்புத்தண்ணியை காசு கொடுத்து கப்பல்ல வரவழைச்ச ஆள் நான். ஆறு மாசத்துக்கு மேல பிளீச் வச்சிருக்காதீங்க, நிழல்ல வைங்க, தேதி எழுதுங்க. வாசனை சேர்க்காத புது பிளீச் 5, 6 சதவீதம்னா தெளிஞ்ச தண்ணி ஒரு லிட்டருக்கு ரெண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் வச்சுக் குடிக்கலாம், பழைய பாட்டில்ல இந்தக் கணக்கு செல்லாது, அதுக்கு கொதிக்க வைக்கறதே மேல். ரப்பர், எலாஸ்டிக், ஒட்டுற டேப், இன்ஸ்டன்ட் பசை இதெல்லாமும் வருஷக்கணக்குல வச்சா கெட்டுப் போற ஜாதிதான். பேட்டரியில ஆல்கலைன் பல வருஷம் தாங்கும், ஆனா கருவிக்குள்ளயே விட்டுடாதீங்க, கசிஞ்சா டார்ச்சையே தின்னுடும். ரீசார்ஜ் பண்ற பேட்டரி எட்டு வாங்கினா அந்தக் கவலையே பாதி போயிடும்.

குறைச்சு உபயோகிக்கறது பத்தி யாரும் பெருசா பேச மாட்டாங்க, ஏன்னா அது வீரமாத் தெரியாது. ஆனா நிஜமான ஸ்டாக் அங்கதான் இருக்கு. பேஸ்ட் விளம்பரத்துல பிரஷ் முழுக்க ஒரு அலை மாதிரி போடுவாங்க, பெரியவங்களுக்கு ஒரு பட்டாணி அளவு போதும், அரை கிராம்னு வச்சுக்கிட்டா காலையும் ராத்திரியும் சேர்த்து ஒரு கிராம், 100 கிராம் டியூப் ஒரு ஆளுக்கு 100 நாள். தீர்ந்ததுன்னு நினைக்கிற டியூபை கத்தரியால குறுக்க வெட்டிப் பாருங்க, கழுத்துப் பக்கம் சுவத்துல ஒட்டிக்கிட்டு இன்னும் நாலஞ்சு நாளைக்கு இருக்கும், வெட்டின அடிப்பக்கத்தை மேல தொப்பி மாதிரி மாட்டி வச்சா காயாது. பேஸ்ட் சுத்தமா இல்லன்னா வெறும் பிரஷ்ஷால தேய்ங்க, உப்பு கரி எல்லாம் போட்டு எனாமலைத் தேய்ச்சு எடுக்க வேண்டாம். பாத்திர லிக்விடும் ஒரு அளவுக்கு மேல விட்டா எண்ணெய் ஜாஸ்தியா போகாது, நுரைதான் ஜாஸ்தியாகும், அதைக் கழுவ தண்ணியும் ஜாஸ்தி. ஒண்ணுக்கு நாலு தண்ணி கலந்து வச்சுக்கலாம், ஆனா ஒரு வாரத்துக்கு மட்டும் கலங்க, தண்ணி சேர்த்ததும் அதுல இருக்கற கெடாம காக்கற மருந்தும் நீர்த்துப் போகும், மாசக்கணக்குல வச்சா அதுலயே கிருமி வளரும்.

கடல் தண்ணியில துவைக்கலாமான்னு நிறைய பேர் கேட்பாங்க. சாதாரண சோப்பு கடல் தண்ணியில நுரைக்காது, அதுல இருக்கற கால்சியம், மெக்னீசியம் சேர்ந்து திரிதிரியா போயிடும். தேங்காய் எண்ணெய்ல செஞ்ச சோப்பு மட்டும் நுரைக்கும், மாலுமிகளுக்குன்னு அந்தக் காலத்துல விற்ற சோப்பே அதுதான். டிடர்ஜென்டும் வேலை செய்யும். ஆனா கடைசி அலசல் நல்ல தண்ணியில இருக்கணும், இல்லன்னா துணியில நிக்கிற உப்பு காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும், மூணு நாள் காயப் போட்டாலும் பிசுபிசுன்னு, போட்டுக்கிட்டா தோல்ல அரிப்பு. தண்ணிப் பஞ்சம் வேற இருந்தா பாத்திரத்தை மட்டும் முதல் தேய்ப்பு கடல் தண்ணியில பண்ணி கடைசிக்கு நல்ல தண்ணி வச்சுக்கலாம்.

நாப்கின் விஷயம் என் வீட்டம்மா சொல்லச் சொல்ல எழுதறேன், எனக்கு இதுல சொந்த ஞானம் கிடையாது. மென்ஸ்ட்ருவல் கப் ஒண்ணு நல்லாப் பார்த்துக்கிட்டா பத்து வருஷம் வரைக்கும் வரும், தீவுக்கு அதை விட பொருத்தமான சாமான் கிடையாதுன்னு அவங்க கட்சி. ஆனா தட்டுப்பாடு வந்த மாசம் முதல் தடவையா ட்ரை பண்ணாதீங்க, கை பழக மூணு நாலு மாசம் ஆகும், அதுவரைக்கும் நாப்கின் துணைக்கு வேணும். 12 மணி நேரத்துக்கு மேல உள்ள வைக்கக்கூடாது, ஒவ்வொரு தடவை முடிஞ்சதும் கொதிக்க வச்சு எடுத்து காத்தாட வைக்கணும், மூடின டப்பாவுல ஈரத்தோட கூடாது. கப் வேண்டாங்கறவங்களுக்கு துவைக்கிற துணி பேட், ஆனா வெயில்ல காய வச்சே ஆகணும், வெட்கப்பட்டு மறைவுல வீட்டுக்குள்ள காயப்போட்டா ஈரம் நிக்கும், அதுலதான் தொந்தரவு வரும். டயப்பரும் இதே கணக்குதான், நாளைக்கு எட்டுன்னு வச்சாலே 42 நாளைக்கு 336, அதுக்கு ஒரு அறையே வேணும். பகல்ல துணி, ராத்திரிக்கு மட்டும் டயப்பர்னு பழக்கினா 42 நாளைக்கு 42, கொஞ்சம் கூட வச்சா 50. அதோட மொத்தமா வாங்கும்போது ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, கப்பல் வர்றதுக்குள்ள குழந்தை வளர்ந்துடும்.

டாய்லெட் பேப்பருக்கு விடை தண்ணிதான், ஒரு ஹேண்ட் ஷவர் மாட்டிட்டா முடிஞ்சுது, இதுக்கு மேல அதுல பேச ஒண்ணும் இல்ல. மருந்து தனிக் கதை. தினமும் சாப்பிடற மாத்திரை இருந்தா டாக்டர்கிட்ட தீவுல இருக்கறதைச் சொல்லி கூடுதல் நாளைக்கு எழுதி வாங்குங்க, இன்சுலின் மாதிரி குளிர்ச்சி வேண்டியது இருந்தா கரண்ட் போனா என்னங்கறதையும் சேர்த்துக் கேளுங்க.

பதுக்கறதுக்கு வருவோம். சின்ன ஊர், யார் என்ன வாங்கினாங்கன்னு சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சுடும். என் அபிப்பிராயம் என்னன்னா, பதுக்கறதுக்கும் இருப்பு வைக்கறதுக்கும் வித்தியாசம் அளவுல இல்ல, நேரத்துல இருக்கு. நல்ல சீசன்ல, ரெண்டு கப்பல் ஒழுங்கா வந்து கடை நிரம்பி வழியும்போது, தடவைக்கு ஒண்ணு ரெண்டு கூடுதலா வாங்கி ஏத்திட்டு வந்தா யாருக்கும் கஷ்டம் இல்ல, கடைக்காரருக்கு சந்தோஷம். கப்பல் ரத்துன்னு சேதி வந்த அன்னிக்கு ஓடிப்போய் அலமாரியில கடைசியா இருக்கற மூணு பால் பவுடரையும் எடுக்கறதுதான் பதுக்கல். நல்லா இருப்பு வச்சிருக்கறவங்க அந்த அன்னிக்கு கடைப் பக்கமே போக வேண்டியது இல்ல, அதனால நீங்க இருப்பு வைக்கறது இல்லாதவங்களுக்கு ஒரு உதவிதான். அப்புறம் கடைக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, "எனக்கு மாசம் இத்தனை பாக்கெட் கட்டாயம் வேணும்"னு. அவரும் ஊகத்துலதான் ஆர்டர் போடறார், நிச்சயமா விக்கும்னு தெரிஞ்ச சாமானைத்தான் இடம் குறைஞ்ச கப்பல்லயும் ஏத்துவார்.

நாலு வீடு சேர்ந்து ஒரு பேலட், அதாவது பெட்டிகளை ஒண்ணா அடுக்கி ஏத்தற மரத்தட்டு, வரவழைக்கறது இன்னும் நல்லது, தனித்தனியா பெட்டி அனுப்பினா ஒவ்வொண்ணுக்கும் குறைந்தபட்சக் கட்டணம், பேப்பர் கூலின்னு தனித்தனியா போடுவாங்க. ஆனா காசை முன்னாடியே வாங்கிடுங்க, இதுல ரெண்டு சிநேகிதம் போனதைப் பார்த்திருக்கேன். மாத்திக்கறதும் ஒரு கலை, நான் வாஷர் டப்பாவாலயே பல தடவை பிழைச்சிருக்கேன், ஒரு ரப்பர் வளையத்துக்கு அரை கிலோ சோப்பு பவுடர், ஒரு ஃபியூஸுக்கு ஒரு கட்டு பேட்டரி. கையில கொஞ்சம் ரொக்கமும் வச்சிருங்க. 2022 ஜனவரி 15ல டோங்கா பக்கத்துல கடலடி எரிமலை வெடிச்சப்ப கடலுக்கடியில போற கேபிள் அறுந்துது, வெளிநாட்டுத் தொடர்பு சரியா திரும்பி வர அஞ்சு வாரம் ஆச்சு, மழைத்தண்ணி பிடிக்கிற தொட்டியிலயும் சாம்பல் விழுந்துது. அந்த மாதிரி நாள்ல கார்டு, ஃபோன், ஆன்லைன் ஆர்டர் எதையும் நம்ப முடியாது.

இப்ப உங்க ஒன்பது நாளைக்கு வர்றேன். சோப்பு பவுடர் இல்லன்னீங்க, குளிக்கிற சோப்பு ஒரு கட்டி கூடுதலா இருக்கான்னு பாருங்க, இருந்தா காய் துருவுற பிளேடுல அரைக்கட்டி துருவி, ரெண்டு லிட்டர் வெந்நீர்ல கரைச்சு, வாஷிங் சோடா இருந்தா ரெண்டு ஸ்பூன் போட்டு ஆற விடுங்க, கூழ் மாதிரி ஆகும். பக்கெட்டுக்கு ஒரு டம்ளர், துணியை அரை மணி ஊற வச்சுக் கையால துவைங்க, வாஷிங் மெஷின்ல போடாதீங்க, உள்ள படிஞ்சு நாற்றம் எடுக்கும். துணியையும் பிரிச்சுக்கோங்க, உள்ளாடை, குழந்தைத் துணி, துண்டு மட்டும் சோப்புல, மத்ததை வெறும் தண்ணியில அலசி வெயில்ல உதறிப் போட்டா ரெண்டு தடவை தாராளமா போட்டுக்கலாம். நாப்கின் கடைசி பாக்கெட்டை வெளிய போற நேரத்துக்கும் ராத்திரிக்கும் ஒதுக்கிட்டு, வீட்டுல இருக்கற நேரத்துக்கு பழைய பருத்தித் துணியை நல்லா கொதிக்க வச்சு எடுத்து மடிச்சு வச்சுக்கலாம். குழாய்க்கு, மெயின் வால்வை மூடிட்டு வாஷரைக் கழட்டி திருப்பிப் போட்டுப் பாருங்க, ஒரு பக்கம்தான் தேய்ஞ்சிருக்கும், பெரும்பாலும் சில வாரம் தாங்கும். அதுவும் முடியலன்னா பழைய சைக்கிள் டியூப்ல அதே அளவுக்கு வட்டம் வெட்டி நடுவுல ஓட்டை போட்டுப் போடுங்க. கழட்டின பழைய வாஷரைத் தூக்கிப் போட்டுடாதீங்க, நோட்டுல அதை வச்சு சுத்தி பென்சிலால வரைஞ்சு அளவு எழுதிட்டு, ஆர்டர்ல நாலு சேர்த்துடுங்க.